கணக்கை முடித்த நிதியமும் முடிக்காத அறக்கட்டளையும்

1917-ஆம் ஆண்டில் ஜூலியஸ் ரோசன்வால்ட் இரண்டு பொறுப்புகளை ஏற்றார். சிகாகோவில் தம் பெயரால் ஒரு நிதியத்தைப் பதிவு செய்தார். அதே ஆண்டு நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் அறங்காவலர்களில் ஒருவரானார். 1931 வரை அந்தப் பொறுப்பில் நீடித்தார். தாம் இறந்த 25 ஆண்டுகளுக்குள் தம் நிதியத்தில் ஒரு காசு மிச்சமில்லாமல் செலவழித்துவிட வேண்டும் என்று பின்னாளில் நிபந்தனை போட்டவர் அவர். கால எல்லையே இல்லாத இன்னொரு பெரும் அறக்கட்டளை எப்படி இயங்குகிறது என்பதை அதன் உள்ளேயே இருந்து பார்த்த பிறகுதான் அந்த நிபந்தனைக்கு வந்தார். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலையை முதலில் செய்தவர் அவர்தான் என்று சொல்லலாம்.

ரோசன்வால்ட் நிதியம் 1948-இல் கணக்கை முடித்துக் கதவை மூடியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நூறு வயதைக் கடந்து, 500 கோடி டாலருக்கு மேல் சொத்தோடு இன்றும் இருக்கிறது. எது அதிக நன்மை செய்தது என்று கேட்டால் விடை உடனே ராக்ஃபெல்லர் பக்கம் சாயும். பணமும் காலமும் அங்கேதான் அதிகம். எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி வேறு. தன் ஆயுளைப் பற்றி எடுக்கும் முடிவு, ஓர் அறக்கட்டளை அன்றாடம் வேலை செய்யும் முறையை எப்படி மாற்றுகிறது?

முதலில் பெரியதைப் பார்ப்போம். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வழியாக ஜான் டி. ராக்ஃபெல்லர் சேர்த்த செல்வம், அவர் கொடுக்கும் வேகத்தைவிட விரைவாக வளர்ந்துகொண்டிருந்தது. அவருடைய ஆலோசகர் ஃபிரெடெரிக் கேட்ஸ், பாப்டிஸ்ட் சபையின் முன்னாள் போதகர். இந்தச் செல்வத்தைப் பெரிய அளவில் பிரித்துக் கொடுக்காவிட்டால் அது அவரையும் அவர் பிள்ளைகளையும் நசுக்கிவிடும் என்று எச்சரித்தவர் அவர். 1910-இல் அறக்கட்டளை ஒன்றை நிறுவுவதற்கான மசோதா அமெரிக்க செனட்டுக்கு வந்தது. அதே காலத்தில் ஸ்டாண்டர்ட் ஆயிலின் ஏகபோகத்தை எதிர்த்து அரசு தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1911 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க உத்தரவிட்டது. இந்தச் சூழலில் அந்த மனிதரின் பணம் அறத்தின் பெயரால் இன்னொரு வடிவத்தில் நிரந்தரமாகிவிடும் என்ற அச்சம் பலருக்கும் இருந்தது. தொழிற்சங்கத் தலைவர்களும் எதிர்த்தார்கள், குடியரசுத் தலைவர் டாஃப்ட்டும் எதிர்த்தார்.

எதிர்ப்பைத் தணிக்க ராக்ஃபெல்லர் தரப்பு மசோதாவைத் திருத்தியது. சொத்து 10 கோடி டாலரைத் தாண்டாது, வருமானத்தைச் சேர்த்துவைக்க மாட்டோம், அறக்கட்டளையின் ஆயுளுக்கும் ஓர் எல்லை இருக்கும் என்றெல்லாம் இறங்கிவந்தார்கள். கீழவை ஏற்றது; செனட் ஏற்கவில்லை. அலுத்துப்போய் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார்கள். 1913 மே மாதம் அங்கே பதிவு எளிதாகக் கிடைத்தது, அந்த வரம்புகள் எதுவும் இல்லாமல். உலகெங்கும் மனிதகுலத்தின் நலனை மேம்படுத்துவது என்பதுதான் அதன் நோக்கமாக எழுதப்பட்டது. இவ்வளவு அகலமான நோக்கத்துக்கு முடிவு என்று ஒன்று வரவே முடியாது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை என்றென்றும் வாழ வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. மூலதனத்தையும் செலவழிக்கலாம் என்ற உரிமை அறங்காவலர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே உண்டு. முடித்துவிடுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒவ்வோர் ஆண்டும் முடிக்காமல் விட்டதால் அது நூற்றாண்டைக் கடந்தது. தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்காக ஆடுகளைக் கொடையாகக் கொடுத்து அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதினார்கள். மந்தை குறையாமல் காக்கப்படும், நெய் மட்டும் நாள்தோறும் விளக்குக்குப் போகும். அங்கே கொடுத்தவரே நிரந்தரத்தை விரும்பிக் கல்லில் வெட்டினார். ராக்ஃபெல்லரின் மந்தை அப்படி எவரும் வெட்டிவைக்காமலே, பழக்கத்தால் நிரந்தரமானது.

ரோசன்வால்ட் 1862-இல் இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். துணி வணிகத்திலிருந்து சியர்ஸ் ரோபக் நிறுவனத்துக்கு வந்தார். கிராமத்து உழவர்கள் விலைப்பட்டியல் புத்தகத்தைப் புரட்டி, தபாலில் பொருள் வாங்கும் வணிகம் அது. அதை நாட்டின் மிகப் பெரிய சில்லறை நிறுவனங்களில் ஒன்றாக வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1911-இல் புக்கர் டி. வாஷிங்டனைச் சந்தித்தார். அடிமையாகப் பிறந்து, அலபாமாவில் டஸ்கிகீ கல்விக்கூடத்தை எழுப்பியவர் வாஷிங்டன். மறு ஆண்டு ரோசன்வால்ட் தம் ஐம்பதாம் பிறந்தநாளில் பல அமைப்புகளுக்குப் பெருந்தொகைகளை அள்ளிக் கொடுத்தார். டஸ்கிகீக்கு 25,000 டாலர். அதில் மிச்சமான சிறு தொகையைக் கொண்டு கிராமத்துக் கருப்பினக் குழந்தைகளுக்கு ஆறு சிறிய பள்ளிகள் கட்டிப் பார்க்கட்டுமா என்று வாஷிங்டன் கேட்டார். அந்த ஆறு பள்ளிகளிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

பள்ளி கட்டும் முறைதான் இந்த ஒப்பீட்டின் மையம் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிதியம் ஒரு பள்ளிக்கான முழுச் செலவையும் கொடுத்ததே இல்லை. ஊரார் பங்கு போட வேண்டும்: பணமாக, மரமாக, உடல் உழைப்பாக. பல ஊர்களில் பள்ளிக்கென்றே தனியாக ஒரு துண்டு நிலத்தில் பருத்தி விளைவித்து, அதை விற்றுப் பணம் சேர்த்தார்கள். அடுத்தபடியாக, உள்ளூர்க் கல்வி வாரியமும் பங்கு கொடுக்க வேண்டும். அது முழுக்க வெள்ளையர்களின் கையில் இருந்த வாரியம். கடைசியாக, கட்டி முடித்த பள்ளியும் அது நிற்கும் நிலமும் அரசுப் பள்ளி அமைப்பின் சொத்தாகப் பதிவாக வேண்டும். ஆசிரியர் சம்பளமும் பராமரிப்பும் அதன் பொறுப்பு. கட்டட வரைபடங்களை நிதியமே கொடுத்தது. மின்சாரம் இல்லாத ஊர்களுக்காக, பகல் வெளிச்சம் வகுப்பறை முழுவதும் பரவும்படி உயரமான சன்னல்களை வரிசையாக வைத்த வரைபடங்கள் அவை.

1932-இல் பள்ளித் திட்டம் முடிந்தபோது 15 தென்மாநிலங்களில் 5,300-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எழுந்திருந்தன. பள்ளிகளோடு ஆசிரியர் வீடுகளும் தொழிற்கூடங்களும் இதில் சேரும். மொத்தச் செலவு ஏறக்குறைய 2 கோடி 84 லட்சம் டாலர். அதில் நிதியம் கொடுத்தது சுமார் 15 விழுக்காடு. கருப்பின மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது அதைவிடச் சற்று அதிகம், சுமார் 17 விழுக்காடு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரசின் வரிப்பணம். மீதி வெள்ளை இனத்தவரின் நன்கொடை.

இந்தக் கணக்கில் ஓர் அநீதியும் இருக்கிறது. வரி கட்டிய மக்கள், அந்த வரியால் தங்களுக்கு வந்திருக்க வேண்டிய பள்ளிக்காக மறுபடியும் பணம் சேர்த்தார்கள். இது இரட்டை வரி என்று பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் குற்றஞ்சாட்டினார்கள், குற்றச்சாட்டு சரியானது. இனப்பிரிவினையை எதிர்க்காமல் அதற்குள்ளேயே வேலை செய்த திட்டம் இது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பங்கீடு இன்னொரு காரியத்தையும் செய்தது. கருப்பினக் குழந்தைகளுக்குக் கல்வி கொடுப்பது தன் கடமை என்று ஒத்துக்கொள்ளாத அரசை, ஒவ்வொரு பள்ளியாக, பத்திரத்தில் கையெழுத்துப் போட வைத்தது. நிதியம் மறைந்தாலும் அந்தக் கையெழுத்து நிற்கும். சிகாகோ ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் பல்லாயிரம் பேரின் கணக்கெடுப்புத் தரவுகளை ஆராய்ந்து, இரு உலகப் போர்களுக்கு இடையே தெற்கில் கருப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இருந்த கல்வி இடைவெளி குறைந்ததில் இந்தப் பள்ளிகளுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று காட்டியிருக்கிறார்கள்.

ஆயுள் வரம்பு எழுத்தில் வந்தது 1928-இல். அந்த ஆண்டு ரோசன்வால்ட் நிதியத்துக்குக் கூடுதலாக 20,000 சியர்ஸ் பங்குகளைக் கொடுத்தார். தாம் இறந்த 25 ஆண்டுகளுக்குள் மூலதனம் வட்டி எல்லாம் செலவாகிவிட வேண்டும் என்ற நிபந்தனையை அப்போதுதான் வைத்தார். அடுத்த ஆண்டு அட்லாண்டிக் மாத இதழில் தம் காரணங்களை விளக்கி எழுதினார். ஒவ்வொரு தலைமுறைக்கும் அதன் தேவைகள் வேறு, அவற்றைத் தீர்க்கும் கொடையாளர்களும் அந்தத் தலைமுறையிலேயே வருவார்கள் என்று அவர் நம்பினார். என்றென்றைக்குமான நிதியை ஆள்பவர்கள் மூலதனத்தைக் காப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டு, துணிவை இழந்து, அலுவலர்களாகிவிடுவார்கள் என்றும் கருதினார். இந்த அச்சத்துக்கு அமெரிக்காவில் முன்னுதாரணங்கள் இருந்தன. செயின்ட் லூயி நகர மேயராக இருந்த பிரையன் மலன்ஃபி 1851-இல் இறந்தபோது, மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த நகரத்துக்கு வரும் ஏழைப் பயணிகளுக்கென்று தம் சொத்தில் ஒரு பகுதியை எழுதிவைத்தார். ரயில் வந்தது, மாட்டுவண்டிப் பயணிகள் மறைந்தார்கள், பணம் மட்டும் பெறுவதற்கு ஆளில்லாமல் கிடந்தது.

நிபந்தனையை வைத்த அதே ஆண்டில் நிதியத்தை நடத்த அவர் தேர்ந்தெடுத்த எட்வின் எம்ப்ரீ, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணைத் தலைவராக இருந்தவர். கால எல்லை இல்லாத வீட்டின் நிர்வாகப் பயிற்சியோடு, கால எல்லை உள்ள வீட்டுக்கு வந்தார்.

இனி மறுபக்கம். நீண்ட ஆயுளுக்கு ஆதரவாக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம், சில வேலைகளுக்குக் காலம் வேண்டும் என்பது. அறிவியல் ஆராய்ச்சி பொறுமை கேட்கும். 25 ஆண்டில் கடையைக் கட்டுகிறவனால் அது முடியாது என்பார்கள். ராக்ஃபெல்லரின் மிகப் பெரிய இரண்டு வெற்றிகளை எடுத்து ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். மஞ்சள் காய்ச்சலை ஒழிக்கும் முயற்சியை 1915 வாக்கில் தொடங்கினார்கள். அந்த ஆராய்ச்சியில் ஹிடேயோ நொகுச்சி உட்படப் பல அறிவியலர்கள் அதே நோய் கண்டு உயிரிழந்தார்கள். மேக்ஸ் தெய்லர் 17டி தடுப்பூசியை 1937-இல் கண்டார். 1951-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொடக்கத்திலிருந்து தடுப்பூசி வரை 22 ஆண்டுகள். அடுத்தது பயிர் ஆராய்ச்சி. 1943-இல் மெக்சிகோவில் தொடங்கிய திட்டத்தில் மறு ஆண்டு நார்மன் போர்லாக் சேர்ந்தார். 1960-இல் ஃபோர்டு அறக்கட்டளையோடு சேர்ந்து பிலிப்பைன்ஸில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார்கள். 1966-இல் ஐ.ஆர்.8 நெல் வகை வெளிவந்தது. மெக்சிகோவிலிருந்து கணக்குப் பார்த்தாலும் 23 ஆண்டுகள்.

இரண்டுமே ரோசன்வால்ட் விதித்த கால் நூற்றாண்டுக்குள் அடங்குகின்றன. நீண்ட ஆயுள் ஒரு வேலையை முடிக்க ராக்ஃபெல்லருக்குத் தேவைப்படவில்லை. ஒன்று முடிந்ததும் இன்னொன்றைத் தொடங்க உதவியது. மஞ்சள் காய்ச்சலுக்குப் பின் நெல் என்பது நிரந்தரம் கொடுத்த உண்மையான பலன். அதைச் சிறிதாகச் சொல்ல மாட்டேன். 1940-இல் அந்த அறக்கட்டளை மூடப்பட்டிருந்தால் காவிரிப் படுகையின் வயல்களுக்கு ஐ.ஆர்.8-உம் பின்னால் ஐ.ஆர்.20-உம் அந்த வடிவில் வந்திருக்காது. அவை பசியைக் குறைத்தன. உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் கூடவே கொண்டுவந்தன. உழவர் கையில் இருந்த பல பாரம்பரிய நெல் வகைகளை ஓரங்கட்டின. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் வாழ்நாள் முழுதும் எதிர்த்துப் பேசியது இந்தப் பின்னிரண்டு விளைவுகளைத்தான். அப்படி ஒரு விளைவைத் திருத்த வேண்டியிருக்கும்போது, அதை உண்டாக்கிய நிறுவனம் இன்னும் உயிரோடு, பதில் சொல்லும் நிலையில் இருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் திருத்தும் வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் வெளியே இருந்த உழவர்களும் இயற்கை வேளாண் இயக்கங்களும்தான்.

நிரந்தரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. 1920-களில் ராக்ஃபெல்லர் பணம் ஜெர்மனியின் கைசர் வில்ஹெல்ம் நிறுவனங்களுக்குப் போனது. மனித மரபியலையும் இனத்தூய்மைவாதத்தையும் ஆராய்ந்த பெர்லின் நிறுவனமும் அவற்றில் ஒன்று. அங்கிருந்து வந்த அறிவியல் நாஜி ஆட்சிக்குத் துணைபோனது. பின்னர் இதே அறக்கட்டளைதான் நாஜிகளிடமிருந்து தப்பிய நூற்றுக்கணக்கான அறிஞர்களுக்கு இடம் தேடிக் கொடுத்தது. நீண்ட நாள் வாழும் அமைப்பு தன் பிழைகளைத் திருத்திக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று. பரந்த நோக்கமும் பெரும் பணமும் சேர்ந்தால் பிழையும் அந்த அளவுக்குப் பெரிதாகும் என்பதற்கும் இதுவே சான்று.

நமக்கு நெருக்கமான ஒரு களத்தில் இரண்டு அமைப்புகளின் வழிமுறைகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. 1916-இல் ராக்ஃபெல்லர் குழு கொக்கிப்புழு ஒழிப்புக்காக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து வேலைக்குப் போன தமிழர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள்தான் அவர்களின் களம். வெறுங்காலில் நடப்பவரின் பாதத் தோல் வழியாக உள்ளே போகும் இந்தப் புழு குடலில் தங்கி, ரத்தத்தை உறிஞ்சி, ஆளைச் சோகையில் தள்ளும். மருந்து கொடுத்தால் வெளியேறும். கழிப்பறை இல்லாத லயத்தில் திரும்ப வரும். கழிப்பறைக்குச் செலவு செய்யத் தோட்ட முதலாளிகள் தயங்கினார்கள். மருந்தோடு நிறுத்தினால் வேலை முடியாது என்று தெளிந்த பிறகு, 1926-இல் இலங்கை அரசோடு சேர்ந்து களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். தாய்சேய் நலம், பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலம், துப்புரவு, தடுப்பூசி எல்லாம் ஒரே அலுவலகத்தின் பொறுப்பில் வந்தன. இன்று இலங்கை முழுவதும் எம்.ஓ.எச். அலுவலகம் என்று மக்கள் சொல்லும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் தொடக்கம் அதுதான். ராக்ஃபெல்லரின் சுகாதாரப் பணிகளில் பொதுவான வழக்கம் ஒன்று இருந்தது: முதலில் செலவில் பெரும்பங்கை ஏற்பார்கள், ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அரசிடம் முழுதாக ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவார்கள்.

ஆக, கால எல்லை இல்லாத அறக்கட்டளை தன் நல்ல வேலைகளை ஒவ்வொன்றாகக் கால எல்லையோடுதான் செய்தது. நெல் ஆராய்ச்சியிலும் இதையே பார்க்கலாம். அந்த ஆராய்ச்சி நிலையங்களைத் தனியாகச் சுமக்க முடியாத கட்டத்தில், 1971-இல் உலக வங்கியும் பல நாட்டு அரசுகளும் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று அந்தப் பொறுப்பை ஏற்றது. ரோசன்வால்ட் தம் நிதியம் முழுவதற்கும் வைத்த விதியை ராக்ஃபெல்லர் தன் திட்டங்களுக்கு வைத்தது என்று சொல்லலாம். என் மதிப்பீட்டில், அறக்கட்டளையின் வயதைவிட இந்த ஒப்படைப்புதான் முக்கியம். ரோசன்வால்ட் பள்ளிகளுக்கு அது முதல் நாளிலேயே பத்திரத்தில் இருந்தது. ராக்ஃபெல்லருக்கு அது நல்ல நிர்வாகிகளின் பழக்கமாக இருந்தது, நிர்வாகி மாறினால் பழக்கமும் மாறலாம்.

ரோசன்வால்ட் வழிக்கு எதிரான மிகக் கடுமையான சாட்சி 1932-இல் வந்தது. நிதியத்தின் சொத்து ஏறக்குறைய முழுவதும் சியர்ஸ் பங்குகளில் இருந்தது. பெருமந்தத்தில் அந்தப் பங்கின் விலை 1929-இன் உச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அந்த ஆண்டு ஜனவரியில் ரோசன்வால்ட் காலமானார். கருப்பினக் கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நிதியம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்த தொகை, கையில் இருந்ததைவிட அதிகம். அந்த வாக்குகளைக் காப்பாற்றக் கைகொடுத்தவை கார்னகி கார்ப்பரேஷனும், ராக்ஃபெல்லர் பணத்தில் நடந்த பொதுக் கல்வி வாரியமும். கால எல்லையுள்ள நிதியத்தைப் பழைய பெருநிதிகள்தான் தூக்கி நிறுத்தின. ஒரு துறையில் எல்லோரும் செலவழித்துவிட்டு மூடுகிறவர்களாக மட்டுமே இருந்தால் இப்படிப்பட்ட நாளில் யார் தாங்குவார்கள்? இதற்கு ரோசன்வால்டின் கட்டுரையில் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஒரே நிறுவனத்தின் பங்கில் எல்லாவற்றையும் வைத்த பிழையை ஆயுள் வரம்பின் பிழையோடு குழப்பக்கூடாது என்று மட்டும் சொல்லலாம். கைகொடுத்த பொதுக் கல்வி வாரியமும் பின்னர் தன் மூலதனம் முழுவதையும் செலவழித்து 1960-களில் மறைந்தது. ராக்ஃபெல்லர் குடும்பத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் வழி ஒன்றும் இருந்திருக்கிறது.

மந்தத்துக்குப் பின் எம்ப்ரீ பள்ளிக் கட்டடங்களை விட்டுவிட்டு ஆட்களின் பக்கம் திரும்பினார். 1928-இல் தொடங்கிய ஆய்வு உதவித்தொகை கருப்பின எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் அறிவியலர்களுக்கும், தெற்கைச் சேர்ந்த சில வெள்ளை இனத்தவருக்கும் போனது. பெற்றவர்களில் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ், மரியன் ஆண்டர்சன், லாங்ஸ்டன் ஹியூஸ், ரால்ஃப் எலிசன், கோர்டன் பார்க்ஸ் எல்லோரும் உண்டு. ஜேக்கப் லாரன்ஸ் தெற்கிலிருந்து வடக்கே கருப்பின மக்கள் பெயர்ந்ததை 60 ஓவியங்களாகத் தீட்டியது இந்தப் பணத்தில்தான். கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டி இனப்பிரிவினை குழந்தை மனத்தைச் சிதைப்பதை ஆராய்ந்ததற்கும் இந்த உதவி இருந்தது. 1954-இல் பள்ளிகளில் இனப்பிரிவினையை உச்ச நீதிமன்றம் சட்டவிரோதமாக்கியபோது, அவர்களின் ஆய்வையும் தீர்ப்பின் அடிக்குறிப்பில் சுட்டியது. ரோசன்வால்ட் பணம் பிரிக்கப்பட்ட பள்ளிகளைக் கட்டியது. பிரிவினையை உடைத்த தீர்ப்புக்கும் ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தது.

அந்தத் தீர்ப்பு வந்தபோது நிதியம் மூடி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நிறுவனர் கொடுத்த காலம் 1957 வரை இருந்தது. எம்ப்ரீயும் அறங்காவலர்களும் ஒன்பது ஆண்டுகள் முன்பே முடித்துக்கொண்டார்கள். எனக்கு இந்த முடிவில் வருத்தம் உண்டு. மூடிய 1948-இல் உதவித்தொகை பெற்ற எழுத்தாளர் ஜேம்ஸ் பால்டுவின், மிச்சமிருந்த அந்தப் பணத்தில்தான் பாரிஸுக்குப் பயணச்சீட்டு எடுத்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் அவரைப் போல எத்தனை இளைஞர்கள் அப்படி ஓர் உதவிக்காக எங்கே போயிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பும் அதைத் தொடர்ந்த போராட்டங்களும் நடந்த ஆண்டுகளில், கருப்பின மக்களின் பக்கம் நிற்கப் பயப்படாத நிதியங்கள் மிகச் சில.

அடுத்த தலைமுறைக் கொடையாளர்கள் வருவார்கள் என்ற ரோசன்வால்டின் நம்பிக்கை முழுக்கப் பொய்க்கவில்லை. 1962-இல் தெற்கில் கருப்பின வாக்காளர்களைப் பதிவு செய்யும் திட்டம் தொடங்கியபோது அதற்குப் பணம் கொடுத்த மூன்று அறக்கட்டளைகளில் ஒன்று நியூ ஆர்லியன்ஸின் ஸ்டெர்ன் குடும்ப நிதி. அந்தக் குடும்பத்தின் எடித் ஸ்டெர்ன், ரோசன்வால்டின் மகள். ஸ்டெர்ன் நிதியும் தன் பணத்தைச் செலவழித்து 1986-இல் மூடிக்கொண்டது. தந்தையின் நிதியம் உயிரோடு இருந்திருந்தால் வாக்காளர் பதிவு போன்ற அரசியல் சூட்டில் அறங்காவலர்கள் கை வைத்திருப்பார்களா என்பது எனக்கு ஐயமே. மகளுக்குத் தன் கையில் தன் பணம் இருந்தது, துணிந்தார்.

மூடிய நிதியத்துக்கு இன்னொரு இழப்பு, நினைவு. ராக்ஃபெல்லர் குடும்பத்துக்கு நியூயார்க்கின் வடக்கே சொந்தமாகப் பெரிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள், புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ரோசன்வால்ட் நிதியத்தின் கோப்புகள் நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குப் போயின. சிகாகோவில் தம் பணத்தில் எழுந்த அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துக்குத் தம் பெயர் வேண்டாம் என்றவர் அவர். தீர்ப்புக்குப் பின் பிரிக்கப்பட்ட பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சில இடிக்கப்பட்டன, சில வைக்கோல் போடும் கொட்டகையாயின. 2002-இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை அவற்றை அழியும் நிலையில் உள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்த பிறகுதான் பல ஊர்களில் முன்னாள் மாணவர்கள் கூடித் தங்கள் பள்ளிகளைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். குடியுரிமைப் போராளி ஜான் லூயிஸும் எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவும் படித்தது இத்தகைய பள்ளிகளில்தான்.

ரோசன்வால்ட் வழி இன்று மீண்டும் பேசப்படுவதற்குக் காரணம் உண்டு. சக் ஃபீனி தம் அட்லாண்டிக் அறக்கட்டளை வழியாக ஏறக்குறைய 800 கோடி டாலரைக் கொடுத்து, 2020 செப்டம்பரில் தாம் உயிரோடு இருக்கும்போதே அதைக் கலைத்தார். 2025 மே மாதம் பில் கேட்ஸ், தம் அறக்கட்டளை 20 ஆண்டுகளில் சுமார் 20,000 கோடி டாலர் செலவழித்து 2045 இறுதியில் மூடப்படும் என்று அறிவித்தார். தேதியை மட்டும் பார்த்து இதை ரோசன்வால்டின் வாரிசு என்று பலர் எழுதினார்கள். தேதி பொருந்துகிறது, முறையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அலபாமாவின் பள்ளிக்கு முதல் செங்கல் வைக்கும் முன்பே அதை நடத்தப்போவது யார் என்று பத்திரம் எழுதப்பட்டது. களுத்துறையின் செலவு அரசின் வரவுசெலவில் ஏறியது. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் இன்று கேட்ஸ் பணத்தைப் பெரிதும் நம்பி நடக்கும் தடுப்பூசித் திட்டங்களை 2046 ஜனவரியில் எந்த நாட்டின் நிதியமைச்சகம் எந்தத் தலைப்பில் ஏற்கும் என்பதை, ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக, இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.